சோழப் பாடகர்

என் வாடகை நோட்டில் அவன் பேர் முதலில் ஏறியது
பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுக்கு.
ரெண்டு மைக், நாலு பாக்ஸ், ஒரு எக்கோ.
மெல்ராய் டிக்ரூஸ் என்றான்.
என் பேனாவுக்கு வந்தது மெல்லு.
அவனும் அப்படியே கையெழுத்துப் போட்டான்.

என்ன பாட்டு பாடுவீங்க?
சோல்.
செருப்புக்கு அடியில இருக்குமே, அதுவா?
ஒயர் சுற்றிக்கொண்டிருந்த தயாளன் கேட்டான்.
கிட்டத்தட்ட அதான்டா,
இதுவும் நடந்து தேஞ்சதுதான் என்றான் மெல்லு.

எனக்கு இங்கிலீஷ் ஃபியூஸ், பிளக் வரைக்கும்.
அன்றைய பாட்டில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் பேபி.
ஆனால் அவன் அதைச் சொன்னபோது
யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது தெரிந்தது.
திரும்பி வரமாட்டாள் என்பதும் தெரிந்தது.
மிக்ஸரில் ஊசி சிவப்பில் போய் நின்றது.
இருபது வருஷத் தொழிலில் முதல் தடவையாக
நான் குறைக்கவில்லை.

அப்புறம் கப்பல். எட்டு மாசம் தண்ணீரில்,
சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் பாடினான்.
அப்புறம் மஸ்கட்டில் ஓட்டல், பதினாலாவது மாடி.
ராத்திரி ஒன்றரைக்கு எனக்கு போன் வரும்.
வியாசர்பாடி ஜீவாவுல கூட்ஸ் போவுதா?
ஜன்னல்ல வெச்சுக் காட்டுண்ணே.
காட்டுவேன்.
ஐம்பத்தெட்டு வேகன் கடக்கும்வரை பேசமாட்டான்.
சுருதி சேர்ந்துச்சு என்று வைத்துவிடுவான்.

தோல் கொஞ்சம் வெளுப்பு, கண் பூனைக்கண்.
சினிமாவில் கூப்பிட்டார்கள்.
ஏழு படத்தில் கலெக்டர் துரை,
ஏழிலும் குதிரையிலிருந்து விழுந்தான்.
குரலை மட்டும் வேறு யாரோ கொடுத்தார்கள்.
இவன் தமிழ் எடுபடவில்லையாம்,
புளியந்தோப்பு ஆஸ்பத்திரியில் பிறந்தவனுக்கு.
தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.
திரையில் வாய் அசைய அசைய
இருட்டில் இவன் வாயும் அசைந்தது.

பேனர் கதையைச் சொல்லாமல் விடமுடியாது.
ராயபுரம் மாதா கோயில் திருவிழாவுக்கு
சோல் பாடகர் மெல்ராய் என்று எழுதிக் கொடுத்தோம்.
பெயிண்டர் எத்திராஜ் அதைப் பிழை என்று நினைத்து
சோழப் பாடகர் என்று திருத்திவிட்டான்,
பக்கத்தில் இலவசமாக ஒரு புலி.
அதைப் பார்த்து டிவி நாடகக் கம்பெனி ஆள் வந்தார்.
ஆறு மாசம் படைத்தளபதி.
மீசைக்குத் தினம் நூற்றைம்பது வாடகை,
அது அவன் சம்பளத்தில் பிடித்தம்.

அந்த மீசையில் பாதி ஒட்டியிருக்க
காசிமேட்டுக்கு வந்தான், தேசப்பன் செத்த ராத்திரி.
வலைக்கடை தேசப்பன்.
கானா பாட வந்த பையனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
பத்தே முக்காலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
என் பாக்ஸெல்லாம் மரப்பெட்டி ஆனது.

யாரும் கேட்கவில்லை. மெல்லு எழுந்தான்.
மீன்பெட்டியைக் கவிழ்த்து ஒருத்தன் தட்ட,
டோலக்கு பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டது.
இங்கிலீஷில்தான் தொடங்கினான்.
எங்கே கடலாச்சு, எங்கே படகாச்சு,
எந்த இடத்தில் அது நம்ம பேச்சாக மாறியது,
கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை.
ஹவுசிங் போர்டு மூணாவது மாடியில்
மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக பால்கனிக்கு வந்தன.
தேசப்பன் சம்சாரம் கையைத் தூக்கினாள்.
நிறுத்தச் சொல்கிறாள் என்று எல்லாரும் நிறுத்தினோம்.
இன்னொரு தபா, என்றாள்.

நோட்டில் அந்தத் தேதியில் எழுதியிருக்கிறேன்:
தேசப்பன் சாவு. மைக் இல்லை. பாக்ஸ் இல்லை.
வாடகைக் கட்டத்தில் என்ன போடுவது என்று
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

போன வாரம் வந்தான், தலை நரைத்து, சட்டை புதுசாக.
பழைய பாக்கி எவ்ளோண்ணே?
நாலாயிரத்து இருநூறு.
கொச்சியில் கப்பல் ஏறுறேன், வந்து தரேன்.
போய் வா சோழா.

இப்போது மணி ஒன்று இருபத்தஞ்சு.
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கூட்ஸைத்தான் இன்னும் காணோம்.